பாட்டன்மாரும் பதவியும்: மத்தியகால யப்பானின் அரசப் பிரதிநிதிகள் பற்றிய ஒரு நோக்கு

யப்பானிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறும் நூல்கள் பலவும் 1185 ஆம் ஆண்டை ஒரு மதிலாக எழுப்பிவிடுகின்றன. மதிலுக்கு அப்பால் கியோத்தோ நகரின் பட்டாடை அணிந்த பிரபுக்கள். இப்பால் காமகுராவின் கவசம் அணிந்த வீரர்கள். தைரா குலம் கடற்போரில் அழிந்த அவ்வாண்டுடன் பிரபுக்களின் காலம் முடிவுற்றது என்றும், அதன்பின் யப்பானின் அரசியல் என்பது போர்வீரரின் அரசியலே என்றும் மாணவன் விளங்கிக்கொள்கின்றான். இவ்விளக்கம் முற்றிலும் தவறானதன்று. எனினும் அது ஓர் எளிய வினாவுக்கு விடை தருவதில்லை. பேரரசரின் பெயரால் ஆட்சி நடத்திய அரசப் பிரதிநிதிப் பதவி 1185 இல் மறையவில்லை. அது 1868 ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது. அதிகாரம் அகன்ற பின்னரும் ஒரு பதவி ஏறக்குறைய 700 ஆண்டுகள் வாழ்ந்தது எவ்வாறு? பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இப்பதவிக்காகப் போராடிய குஜோ குடும்பத்தாரின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பதவியின் இயல்பை அறிதல் வேண்டும். பேரரசர் சிறுவராயிருக்கையில் அவருக்காக ஆட்சி புரிபவர் செஸ்ஷோ எனப்பட்டார். வயதுவந்த பேரரசருக்கு முன்பாக அரச ஆவணங்கள் அனைத்தையும் பார்வையிட்டு ஆலோசனை கூறுபவர் கம்பக்கு எனப்பட்டார். இரண்டும் புஜிவாரா குலத்தின் வடகிளையினருக்கே உரியனவாயின. 858 ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவரான செய்வா அரியணை ஏறியபோது, அவருடைய தாயின் தந்தையாகிய புஜிவாரா யொஷிபூசா ஆட்சிப்பொறுப்பைத் தம் கையில் வைத்திருந்தார். அரசகுலத்தில் பிறவாத ஒருவர் செஸ்ஷோ ஆனது அதுவே முதன்முறை. இங்கு கவனிக்க வேண்டியது உறவுமுறையாகும். அக்காலப் பிரபுக் குடும்பங்களில் மனைவி தன் பெற்றோர் வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளைகள் பெரும்பாலும் தாய் வீட்டிலேயே வளர்ந்தனர். ஆதலின் அரியணைக்குரிய குழந்தையும் தாய்வழிப் பாட்டனின் மாளிகையிலேயே நடை பயின்றது. அரசரின் பாட்டன் என்ற உறவே அதிகாரத்தின் ஊற்று. பதவி அவ்வூற்றிலிருந்து புறப்பட்ட ஒரு கால்வாய் மாத்திரமே.

இதற்கு மிச்சினகாவே (966-1027) சிறந்த சான்று. புஜிவாரா வலிமையின் உச்சமாகக் கொள்ளப்படும் அவர் ஒருபோதும் கம்பக்குவாக இருந்ததில்லை. செஸ்ஷோவாகவும் 1016 தொடக்கம் ஏறத்தாழ ஓராண்டே இருந்தார். ஆயினும் அவருடைய புதல்வியர் நால்வர் அரச துணைவியராயினர். பேரரசர் மூவர் அவருடைய பேரர். அத்தகைய ஒருவருக்குப் பட்டம் ஓர் அணிகலன், அவ்வளவே. அவர் மகன் யொரிமிச்சியின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் அரசப் பிரதிநிதியாயிருந்தார். ஆனால் அவருடைய மகள் வயிற்றில் அரியணைக்குரிய ஆண்மகவு வாய்க்கவில்லை. விளைவாக 1068 இல் முடிசூடிய கோ-சஞ்சோவின் தாய் புஜிவாராப் பெண்ணாக அன்றி அரசகுலப் பெண்ணாக இருந்தார். (பேரரசர் பெயர்களின் முன் வரும் 'கோ' என்பது 'பிந்திய' எனப் பொருள்படும்.) இத்தகைய ஒருவர் அரியணை ஏறியது ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின்னராகும். மறு ஆண்டிலேயே அவர் ஷோயென் எனப்பட்ட தனியுரிமைப் பண்ணைகளின் ஆவணங்களைச் சோதிக்க ஒரு பணிமனையை நிறுவினார். பிரபுக்களினதும் கோயில்களினதும் செல்வம் இப்பண்ணைகளிலேயே தங்கியிருந்தமையால் அப்பணிமனையின் நோக்கம் எவருக்கும் விளங்காததன்று.

அவர் மகன் ஷிரகாவா வேறொரு வழி கண்டார். 1086 இல் முடியைத் தம் சிறு மகனுக்கு அளித்துவிட்டு, முடிதுறந்த பேரரசராக 1129 இல் இறக்கும் வரை 43 ஆண்டுகள் ஆட்சி செய்தார். இன்செய் என வழங்கும் இம்முறையைப் பலர் புஜிவாராக்களின் வீழ்ச்சி என்ற தலைப்பின் கீழ் விளக்குவர். நான் அதனைப் புஜிவாராக்களின் முறையை அரசகுலமே கற்றுக்கொண்டது என விளக்க விரும்புவேன். தாயின் தந்தை இருந்த இடத்தில் இப்போது தந்தையின் தந்தை அமர்ந்தார். சிறுவர் ஒருவரை அரியணையில் இருத்திப் பின்னின்று ஆளும் கலை மாறவில்லை. ஆளும் பாட்டன் மாத்திரமே மாறினார்.

அவ்வாறாயின் அரசப் பிரதிநிதிப் பதவி அன்றே பொருளற்றுப் போயிருத்தல் வேண்டும். அது தப்பியது 1107 ஆம் ஆண்டின் ஒரு முடிவினாலாகும். அவ்வாண்டு ஐந்து வயதுத் தோபா அரியணை ஏறினார். அவருடைய தாய்மாமனான புஜிவாரா கின்சனே, பழைய வழக்கப்படி செஸ்ஷோப் பதவி தமக்கே உரியது என வாதிட்டார். வழக்கத்தை மாத்திரம் நோக்கின் அவர் கூற்று நியாயமானதே. பேரரசருடன் தாய்வழி உறவுடையவர் அவரே. ஆனால் அவருடைய முன்னோர் பல தலைமுறைகளாகச் சாதாரண அரசவைப் பிரபுக்களாகவே இருந்துள்ளனர். ஷிரகாவா தயங்கிப் பின் முடிவு செய்தார்: பதவி மிச்சினகாவின் நேர்வழியில் வந்த ததசனேக்கே வழங்கப்பட்டது. ததசனே குழந்தைப் பேரரசருக்குப் பாட்டனும் அல்லர், மாமனும் அல்லர். இதன்பின் செஸ்ஷோ ஆவதற்கு மகளைப் பேரரசருக்கு மணமுடித்திருத்தல் வேண்டியதில்லை. குறித்த ஒரு குடும்பத்திற் பிறந்திருத்தலே போதும். பதவி தன் ஊற்றிலிருந்து பிரிந்து குடும்பச் சொத்தாயிற்று.

இது குடும்பத்துக்குப் பெரும் வெற்றிபோற் தோன்றும். உண்மையில் இதில் ஓர் இடர் மறைந்திருந்தது. பாட்டன் என்ற உறவை எவராலும் பறிக்க முடியாது; பதவியையோ, கொடுத்தவர் பறிக்கலாம். 1120 இல் ததசனே தம் மகளைப் பற்றிய ஒரு விவகாரத்தில் ஷிரகாவாவின் சினத்துக்கு ஆளாகி ஒதுக்கப்பட்டு, அம்முடிதுறந்த பேரரசர் இறக்கும் வரை ஊஜியில் அடங்கி வாழ நேர்ந்தது. பதவி மறு ஆண்டில் அவர் மகன் ததமிச்சிக்குச் சென்றது. பின்னர் தந்தை மீண்டும் செல்வாக்குப் பெற்றபோது மூத்த மகன் ததமிச்சியை வெறுத்து, இளைய மகன் யொரினகாவை ஆதரித்தார். 1150 இல் மூத்தவரிடமிருந்து குலத்தலைமையைப் பறிக்கும்பொருட்டு அவர் படைவீரரை ஏவிக் குலத்தின் மாளிகையையும், தலைமையின் சின்னங்களாகப் பேணப்பட்ட சிவப்பு அரக்குப் பாத்திரங்களையும் கைப்பற்றச் செய்தார். விருந்துப் பாத்திரங்களுக்காகப் படை எழுந்த இச்செய்தி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் ஆறே ஆண்டுகளில், 1156 இன் ஹோகென் கலகத்தில், இக்குடும்பப்பகையும் அரசகுலத்தின் உட்பகையும் ஒன்றுசேர்ந்து தலைநகரின் வீதிகளில் போராக வெடித்தன. யொரினகா அம்பு தைத்து மாண்டார். ததமிச்சி வென்றார், எனினும் குலத்தலைமை அவருக்குப் பேரரசரின் ஆணை மூலமே திருப்பி அளிக்கப்பட்டது. அதுவரை அது குலத்தாரே தமக்குள் தீர்மானித்துக்கொண்ட ஒன்று. குடும்பச் சொத்தெனப்பட்ட பதவி எத்துணை பிறர் கைப்பட்டதாயிற்று என்பதை இது காட்டுகின்றது.

இந்த ததமிச்சியின் மக்களுள் நால்வர் நம் கதைக்கு உரியர். மொத்தொசனே, மொத்தொபூசா, கனேசனே என்போர் மூவரும் அரசப் பிரதிநிதிகளாயினர். நான்காமவரான ஜியன் துறவியாகித் தெண்டாய் பௌத்தப் பிரிவின் தலைமைப்பீடத்தில் அமர்ந்தார். (ஒரே குடும்பத்தார் தம் பெயரின் ஒரு பாதியைத் தலைமுறைதோறும் பகிர்ந்துகொண்டமையால் இப்பெயர்கள் வாசகரை மயக்கும். பொறுமையை வேண்டுவதன்றிக் கட்டுரையாளனுக்கு வேறு வழியில்லை.) மொத்தொசனேயின் வழி கொனொயே குடும்பம் எனவும், கனேசனேயின் வழி குஜோ குடும்பம் எனவும் பெயர் பெற்றன.

மொத்தொசனே தைரா குலத்தலைவர் கியொமோரியின் மகளை மணந்து, 1166 இல் 24 வயதில் இறந்தார். பதவி தம்பி மொத்தொபூசாவுக்குச் சென்றது. ஆனால் பண்ணைகள் பதவியுடன் செல்லவேண்டியதில்லை என்ற ஆலோசனை கியொமோரிக்குக் கூறப்பட்டது. அதன்படி அவற்றுள் மிகப் பெரும்பகுதி பதினொரு வயது விதவையின் பெயரால் தைராக்களின் மேற்பார்வைக்குள் வந்தது. பதவி ஒருபுறம், செல்வம் மறுபுறம் எனப் பிரிந்த இப்பிளவே பின்னைய குடும்பப்பிரிவுகளுக்கு வித்திட்டது எனலாம். 1179 இல் கியொமோரி படையுடன் தலைநகருட் புகுந்து மொத்தொபூசாவை நாடுகடத்தி, மொத்தொசனேயின் மகனான 20 வயது மொத்தொமிச்சியைக் கம்பக்கு ஆக்கினார். 1183 இல் தைராக்கள் தலைநகரை விட்டோடியபோது மொத்தொமிச்சி வழியிலேயே அவர்களைக் கைவிட்டுத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் நகரைத் தன் பிடிக்குள் வைத்திருந்த கிசோ யொஷினகா என்ற படைத்தலைவன், மொத்தொபூசாவின் பன்னிரண்டு வயது மகனைச் செஸ்ஷோ ஆக்கினான். குழந்தைப் பேரரசருக்காக ஆளும் பொறுப்பு இன்னொரு சிறுவனுக்கு அளிக்கப்பட்டது! அப்பதவியின் தாழ்நிலைக்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை. சில வாரங்களிலேயே யொஷினகா கொல்லப்பட, மொத்தொமிச்சி மீண்டும் வந்தார்.

இக்காலமெல்லாம் ஒருவர் ஒதுங்கியிருந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அவர் கனேசனே. 1164 இலிருந்து ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் அவர் எழுதிய கியொக்குயோ என்னும் நாட்குறிப்பு அக்காலத்துக்கு இன்றியமையாத சான்றாதாரமாகும். பிரபுக்களின் நாட்குறிப்பை நாம் இன்று விளங்கிக்கொள்ளும் அந்தரங்க ஏடாகக் கருதுதல் கூடாது. எச்சடங்கு எவ்வாறு நடைபெற்றது, யார் எங்கு அமர்ந்தார், எம்முன்னுதாரணம் பின்பற்றப்பட்டது என்பவற்றை மகனுக்கும் பேரனுக்கும் விட்டுச்செல்லும் தொழிற்கருவி அது. அரசவையில் முன்னுதாரணத்தை அறிந்தவரே வாதத்தில் வென்றார். ஆதலின் நாட்குறிப்புகள் நிறைந்த பேழையும் பண்ணைகளைப் போன்ற ஒரு சொத்தே. எனினும் கனேசனே தம் வெறுப்பையும் நோயையும் ஏமாற்றத்தையும் மறைக்கத் தெரியாதவர். அதுவே அவர் எழுத்தின் மதிப்பை மிகுவிக்கின்றது.

1186 ஆம் ஆண்டில் அவருடைய காலம் வந்தது. காமகுராவிலிருந்த மினமொத்தோ யொரித்தோமோ, முடிதுறந்த பேரரசர் கோ-ஷிரகாவாவைச் சூழ்ந்திருந்தோரை நம்பவில்லை. அவருடைய வற்புறுத்தலினால் கனேசனே செஸ்ஷோ ஆனார். பதவியுடன் குடும்பப் பண்ணைகளையும் கனேசனேக்குப் பெற்றுக்கொடுக்க யொரித்தோமோ முயன்றபோது கோ-ஷிரகாவா இணங்கவில்லை. அவை கொனொயேயிடமே தங்கின. குஜோ குடும்பம், கனேசனேயின் தமக்கையான அரச விதவை ஒருவரிடமிருந்து வந்த பண்ணைகளையே முதலாகக் கொண்டு தன் செல்வத்தை அமைத்துக்கொள்ள நேர்ந்தது. காமகுராவின் வாள் பதவியைக் கொடுக்க வல்லதாயிருந்ததேயன்றிச் செல்வத்தைக் கொடுக்க வல்லதாக அன்று இருக்கவில்லை என்பது நோக்கற்பாலது.

கனேசனே அமைதியாக இருந்துவிடக்கூடியவர் அல்லர். ஆவணப் பணிமனை மீண்டும் இயங்கியது, சடங்குகள் சீர்பெற்றன, தைராப் படை எரித்த நாரா நகரக் கோயில்களின் மீளமைப்புத் தொடர்ந்தது. 1192 இல் கோ-ஷிரகாவா இறந்ததும் யொரித்தோமோவுக்குச் சோகுன் பட்டம் கிடைத்தது கனேசனேயின் ஆட்சியிலேயாகும். ஆனால் இவர் மனத்திலிருந்த உண்மையான திட்டம் வேறு. மிச்சினகாவின் வழியை மீட்பதே அவர் கனவு. 1190 இல் தம் மகள் நின்ஷியைப் பதினொரு வயதுப் பேரரசர் கோ-தோபாவுக்கு மணமுடித்தார். கடன்பெற்ற வாளின் நிழலிலிருந்து விடுபட்டு மீண்டும் பாட்டனாக ஆளவேண்டுமாயின் ஒரு பேரன் பிறத்தல் வேண்டும்.

1195 இல் அரண்மனையில் இரு பெண்கள் கருவுற்றிருந்தனர். ஒருவர் நின்ஷி. மற்றையவர், மினமொத்தோ மிச்சிச்சிகா என்ற பிரபுவின் வளர்ப்பு மகள். அப்பெண்ணின் தாய் கோ-தோபாவின் செவிலித்தாயாய் இருந்தவர். நின்ஷிக்காக நாடெங்கும் வேண்டுதல்கள் நிகழ்த்தப்பட்டன. தம்பி ஜியன் தம் துறவியருடன் மந்திரச் சடங்குகள் செய்தார். எட்டாம் மாதத்தில் நின்ஷிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் மிச்சிச்சிகாவின் வளர்ப்பு மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அவ்வாண்டிலேயே யொரித்தோமோ தலைநகர் வந்திருந்தார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். அவளை அரண்மனைக்குள் அனுப்ப அவரும் ஆசை கொண்டிருந்தார். கோ-ஷிரகாவாவின் காதற்கிழத்தியாய் இருந்த பெருமாட்டிக்கு அவர் பெறுமதிமிக்க பரிசில்களை வழங்கினார். பத்தாண்டுகள் அவருடைய நண்பராய் இருந்த கனேசனேக்குக் கிடைத்தவை இரண்டு குதிரைகள். இது மிகச் சொற்பம் என்று கனேசனே தம் நாட்குறிப்பிற் குறித்துள்ளார். அவ்வரியைக் கடந்து செல்வது கடினம். அரசியலின் மாற்றத்தை அவர் ஆராய்ந்து கூறவில்லை. குதிரைகளை எண்ணினார், அவ்வளவே. ஆனால் அவ்வெண்ணிக்கையிற் பிழையில்லை. 1196 இன் பதினொராம் மாதத்தில் நின்ஷி அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்டார். இரண்டு நாட்களின் பின் கனேசனே பதவி நீக்கப்பட்டார். ஜியனும் தெண்டாய்ப் பீடத்தைத் துறந்தார். காமகுரா கையசைக்கவில்லை. யொரித்தோமோவின் மகளோ மறு ஆண்டு அரண்மனையைக் காணாமலே இறந்தாள்.

1198 இல் மிச்சிச்சிகாவின் நான்கு வயதுப் பேரன் முடிசூடினார். அவரே பேரரசர் ட்சுச்சிமிகாதோ. இப்போது செஸ்ஷோ யார்? கொனொயே மொத்தொமிச்சி. பாட்டன் யார்? மிச்சிச்சிகா. ஆட்சி மிச்சிச்சிகாவின் கையில். பட்டம் மொத்தொமிச்சியின் தலையில். 1107 இல் பிரிந்த இரண்டும் எத்துணை தூரம் விலகிவிட்டன என்பதற்கு இதனை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. மிச்சிச்சிகா 1202 இல் இறந்தபின் கனேசனேயின் மகன் யொஷிட்சுனே செஸ்ஷோ ஆனார். சின் கொக்கின்ஷூ தொகுதிக்கு முன்னுரை எழுதிய அக்கவிஞர் 1206 இல் திடீரென இறந்தார். ஹோனெனின் பக்திநெறியில் ஆறுதல் தேடிய தந்தை மறு ஆண்டில் மறைந்தார்.

குஜோ குடும்பத்தின் நம்பிக்கையை இதன்பின் தாங்கியவர் துறவியாகிய ஜியனே. 1219 இன் தொடக்கத்தில் மூன்றாம் சோகுன் சனெத்தோமோ காமகுராவின் ஹச்சிமன் ஆலயத்தில் தம் அண்ணன் மகனாற் கொல்லப்பட்டார். யொரித்தோமோவின் நேர்வழி அற்றுப்போயிற்று. அரசகுமாரர் ஒருவரைச் சோகுனாகத் தருமாறு காமகுரா வேண்டியது, கோ-தோபா மறுத்தார். ஈற்றில் அனுப்பப்பட்டவர் யொஷிட்சுனேயின் மகனான குஜோ மிச்சியேயின் இரண்டு வயதுக் குழந்தை. புலி ஆண்டில், புலி மாதத்தில், புலி வேளையிற் பிறந்ததனால் மித்தொரா, அதாவது மூன்று புலி, எனப்பட்ட அக்குழந்தையே பின்னாளில் சோகுன் யொரிட்சுனே. தந்தையின் தாய் வழியிலும், தாயின் தாய் வழியிலும் அக்குழந்தைக்கு யொரித்தோமோவின் சகோதரியுடன் இரத்த உறவிருந்தது.

இச்சூழ்நிலையிலேயே ஜியன் குகன்ஷோ என்னும் வரலாற்று நூலை எழுதினார். கற்றோர் சீன மொழியில் எழுதிய காலத்தில், பலரும் விளங்கிக்கொள்ளும்பொருட்டு அதனை அவர் யப்பானிய மொழியில் எழுதினார். முதற் பேரரசரிலிருந்து தம் காலம் வரை நிகழ்ந்தவற்றை 'தோரி' என்ற தத்துவத்தைக் கொண்டு விளக்க முனைந்தார். நியதி, நியாயம், நிகழ்ச்சிகளின் உள்ளார்ந்த ஒழுங்கு என்ற பொருள்களெல்லாம் அச்சொல்லில் அடங்கும். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கேற்ற தோரி உண்டு, காலம் தாழத்தாழ அரசர் தனித்து ஆள இயலாது, துணை வேண்டும். அரசகுலத்தின் மூதாதையான சூரியதேவி, புஜிவாராக்களின் மூதாதைத் தெய்வத்திடம் அரண்மனையைக் காக்குமாறு தெய்வயுகத்திலேயே ஒப்படைத்தாள் என்பது அவர் கொள்கை. எனவே அரசப் பிரதிநிதிப் பதவி மனிதர் ஏற்படுத்தியதன்று, தெய்வங்களின் உடன்படிக்கை. 1156 உடன் வீரர் யுகம் பிறந்துவிட்டது, அதுவும் தோரியே. இப்போது அரசப் பிரதிநிதியின் வீட்டிற் பிறந்த குழந்தை சோகுனாகப் போகின்றது. பிரபுவும் வீரனும் ஒருவனிலேயே இணைகின்றனர். இது ஹச்சிமன் தெய்வத்தின் செயல். இதனை அறியாது கோ-தோபா காமகுராவுடன் போர் தொடுப்பாராயின் அழிவே விளையும்.

இந்நூலைக் குடும்பநலத்தின் வாதுரை எனத் தள்ளிவிடுவது எளிது. ஜியன் தம் வீட்டுக்காக வாதாடுகின்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நூலில், தம் முன்னோரின் பூசல்களையும், பண்ணைகளைப் பதவியிலிருந்து பிரித்த சூழ்ச்சியையும், 1107 இன் தயக்கத்தையும் அவர் மறையாது எழுதுகின்றார். அவற்றை நாம் அறிவதே பெரும்பாலும் அவர் வாயிலாகத்தான். தன் குடும்பத்தின் வாழ்வு எந்நியாயத்தில் தங்கியிருக்கின்றது என்ற வினாவைப் பதவி வகித்த அண்ணன்மார் எழுப்பவில்லை. பதவி வகிக்கவியலாத துறவியே எழுப்பினார். இனிப் பாட்டன் என்ற உறவு அப்பதவியைத் தாங்காது, பண்ணையும் தாங்காது. அதற்கு ஒரு கருத்து வேண்டும் என்பதை உணர்ந்த முதல்வர் அவரே என்பது என் துணிபு. அக்கருத்து உண்மையா என்பது வேறு வினா.

அவர் எச்சரிக்கை வீணாயிற்று. 1221 இன் நான்காம் மாதத்தில் மிச்சியேயின் சகோதரி மகனான நான்கு வயதுச் சிறுவர் அரியணை ஏறினார். மாமனாகிய மிச்சியே செஸ்ஷோ ஆனார். நெடுங்காலத்தின் பின் தாய்வழி உறவும் பதவியும் மீண்டும் ஒருவரிடத்து இணைந்த அம்மகிழ்ச்சி மூன்று மாதம் கூட நீடிக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் கோ-தோபா போர் தொடுத்தார். ஒரே மாதத்தில் காமகுராப் படை தலைநகருட் புகுந்தது. கோ-தோபா ஒகித் தீவுக்கும், அவர் மகன் ஜுந்தோகு சாதோத் தீவுக்கும் அனுப்பப்பட்டனர். போரில் தொடர்பற்றிருந்த ட்சுச்சிமிகாதோவும் தாமே விரும்பித் தலைநகரை நீங்கித் தோசா சென்றார். சிறுவர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். பேரரசர் வரிசையிற் கூடச் சேர்க்கப்படாதிருந்த அவருக்குச் சுக்கியோ என்ற பெயரே 1870 இல்தான் வழங்கப்பட்டது. மிச்சியே பதவியிழந்தார்.

எனினும் குஜோ குடும்பம் மாளவில்லை. காமகுராவில் அவர்களுடைய குழந்தை இருந்தது. தலைநகரில் மிச்சியேயின் மாமனார் சையொன்ஜி கின்ட்சுனே இருந்தார். காமகுராவுக்கு நண்பரெனக் கோ-தோபாவாற் சிறை வைக்கப்பட்ட அவரே இப்போது வெற்றியாளரின் நம்பிக்கைக்கு உரியவர். 1226 இல் யொரிட்சுனே சோகுனானார். 1228 இல் மிச்சியே கம்பக்கு ஆனார். அவர் மகள் ஈன்ற ஷிஜோ 1232 இல் முடிசூடினார். ஒரு மகன் சோகுன், ஒரு மகன் செஸ்ஷோ, பேரன் பேரரசர். ஜியன் 1225 இலேயே இறந்துவிட்டார். இருந்திருப்பின் தம் தோரி நிறைவேறியதென மகிழ்ந்திருப்பார். தோதாய், கொபுக்கு என்னும் நாராவின் இரு பெருங்கோயில்களின் பெயர்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தெடுத்துத் தோபுக்கு எனப் பெயரிட்டு மிச்சியே 1236 இல் கட்டத் தொடங்கிய கோயில் அந்நாட்களின் பெருமிதத்துக்குச் சான்றாக இன்றும் கியோத்தோவில் உள்ளது.

1242 இன் முதல் மாதத்தில் பன்னிரண்டு வயதுப் பேரரசர் ஷிஜோ இறந்தார். அரண்மனைப் பெண்கள் வழுக்கி விழுவதைக் கண்டு நகைக்க மாக்கற்பொடியைத் தரையிற் பூசியவர் தாமே வழுக்கி விழுந்தார் என ஒரு கதை வழங்குகின்றது. அவருக்குப் பிள்ளையில்லை. மிச்சியே ஜுந்தோகுவின் மகனை முன்மொழிந்தார். பிரபுக்கள் பலரும் அவரையே எதிர்பார்த்தனர். ஆனால் ஜுந்தோகு சாதோவில் இன்னும் உயிருடன் இருந்தார். மகன் அரியணை ஏறின் தந்தை திரும்பிவரக்கூடும். காமகுராவின் நிருவாகத்தை நடத்திய ஹோஜோ யசுத்தோக்கி, ட்சுச்சிமிகாதோவின் மகனையே தெரிவு செய்தார். அவரே கோ-சாகா. காமகுராவின் விடை வரும்வரை 11 நாட்கள் அரியணை வெறுமையாக இருந்தது. 858 இலிருந்து எத்தனையோ முறை அரசரைத் தெரிந்த குலத்தின் தலைவர், அந்நாட்களில் கிழக்குத் திசைப் பாதையில் ஒரு தூதனை எதிர்நோக்கி இருந்தார்.

பின்னையவை விரைவில் நிகழ்ந்தன. காமகுராவில் வளர்ந்து ஆடவனான யொரிட்சுனே, ஹோஜோக்களுக்குப் பகையானோரின் மையமாக மாறினார். 1244 இல் சோகுன் பதவியை மகனுக்கு விடச் செய்யப்பட்ட அவர், 1246 இன் சதி ஒன்றின்பின் தலைநகருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் காமகுராவுக்கும் அரசவைக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் பொறுப்பு மிச்சியேயிடமிருந்து நீக்கப்பட்டுச் சையொன்ஜி குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. இச்சிறு செய்தியை வரலாற்றாசிரியர் சிலர் ஒரு வரியிற் கடந்துவிடுவர். என் கருத்தில் அவர் பதவியிழந்ததை விட இதுவே பெரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசவையின் அதிகாரம் என்பது அப்பாதையின் அதிகாரமே. சையொன்ஜிகள் செஸ்ஷோ ஆகும் தகுதியற்ற குடும்பத்தார். ஆனால் அவர்களுடைய பெண்களே இனிப் பேரரசரின் தாய்மாராயினர்.

மிச்சியே 1252 இன் இரண்டாம் மாதத்தில் இறந்தார். அம்மாதத்திலேயே, சோகுனாயிருந்த அவர் பேரனை நீக்கி அரசகுமாரர் ஒருவரை வேண்டுவதற்குக் காமகுரா தூதரை அனுப்பியது. 1219 இல் மறுக்கப்பட்டது இம்முறை மறுக்கப்படவில்லை. அவருடைய மக்கள் வழி குஜோ, நிஜோ, இச்சிஜோ என மூன்று குடும்பங்களாயிற்று. கொனொயே வழியிலிருந்து தகத்சுகாசா பிரிந்தது. இவ்வைந்து குடும்பத்தாரும் செஸ்ஷோப் பதவியையும் கம்பக்குப் பதவியையும் தமக்குள் மாறிமாறி வகித்தனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஹிதெயொஷியும் அவர் மருமகனும் கம்பக்குவாயிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, வேறெவரும் அப்பதவியிற் புகவில்லை. 1868 சனவரியில் மன்னராட்சி மீட்புப் பிரகடனம் அப்பதவியைச் சோகுன் பதவியுடன் சேர்த்தே ஒழித்தபோது செஸ்ஷோவாக இருந்தவர், மிச்சியே தம் இறுதிக்காலத்தில் வெறுத்து விலக்கிய மகனின் பெயர்வழியில் வந்த நிஜோ குடும்பத்தவர்.